பழைய மனையில் மின்குதைக்கு இடங்காணல்

புதுமனை எடுக்கும்போது கிணற்றுக்கு ஈசான மூலையும் அடுக்களைக்கு அக்கினி மூலையும் பார்த்து நிலையம் எடுப்பது யாழ்ப்பாணத்தாரின் நெடுங்கால வழக்கம். நிலைக்கதவு நாட்டுவதற்கும் நாள் பார்ப்பர். ஆயின், அவ்வீட்டுச் சுவர்களில் மின்சாரம் வெளிப்படும் வாயில்கள் எங்கெங்கே அமைதல் வேண்டும் என்பதற்கு நிலையம் எடுத்தவர் எவரும் இலர். அவற்றின் இடத்தைப் பெரும்பாலும் தீர்மானித்தவர் கம்பி இழுக்க வந்த தொழிலாளரே. குறைந்த கம்பியில் வேலையை முடிப்பது அவர் நோக்கமாயிருந்தது. அந்த அறையிற் பிற்காலத்தில் யார் எங்கே உறங்குவர், எங்கே படிப்பர் என்பது அவர் அறிந்ததன்று. அவரைக் குறை கூறுவதும் முறையன்று; வீட்டுக்காரரும் அதனை அவருக்குச் சொல்லவில்லை.

மின்குதை என்பது கருவிகளின் செருகியை ஏற்று அவற்றுக்கு மின்னோட்டத்தை வழங்கும் சுவர்ப்பொருத்து. பேச்சு வழக்கில் அதனைப் 'பிளக் பொயின்ற்' என்பர். குடியிருந்துகொண்டிருக்கும் வீடொன்றிற் புதிய குதைகளை எங்கே, எவ்வாறு அமைப்பது என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள். புதிதாகக் கட்டும் வீட்டிற் பிழை நேர்ந்தால் வரைபடத்தில் அழித்தெழுதலாம். பூச்சும் பூசி, ஒரு தலைமுறை வாழ்ந்தும்விட்ட வீட்டிலோ ஒவ்வொரு மாற்றத்தையும் சுவரை உடைத்தே செய்ய வேண்டியிருக்கின்றது. ஆதலால் உடைப்பதற்கு முன் எண்ணிப் பார்க்க வேண்டியவை பல.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மின்னிணைப்புப் பெற்ற வீடுகளுக்கு மின்சாரம் விளக்குக்காகவே வந்தது எனலாம். அறைக்கொரு விளக்கு, வாயிலருகே, நின்றவாறு கையெட்டும் உயரத்தில், ஒரு மரப்பலகையில் அதற்குரிய ஆளி, அதே பலகையில் வானொலிக்கென 5 அம்பியர் வட்டத்துளைக் குதை ஒன்று. வசதியுள்ள வீடானால் உடுப்பு அழுத்தும் பெட்டிக்கென 15 அம்பியர்க் குதையொன்றும் விறாந்தையிலோ நடுச்சாலையிலோ இருக்கும். அக்காலத்துத் தேவைக்கு அது போதியதாகவே இருந்தது. பின்னர்ப் போர்க்காலத்திற் குடாநாடு பல்லாண்டுகள் தேசிய மின்வலையிலிருந்து துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. போத்தல் விளக்கிற் படித்தும், சைக்கிள் 'டைனமோ'வைச் சுழற்றி வானொலி கேட்டும் மக்கள் காலங்கழித்தனர். போர் 2009 இல் முடிந்தபின் மின்சாரம் மீண்டும் சீராகக் கிடைத்தபோது, பழைய கம்பிகளோடு பழைய வீடுகள் பல அப்படியே மீளத் தொடுக்கப்பட்டன. குளிர்சாதனப் பெட்டி, சோறு சமைக்கும் மின்கலம், அரைக்கும் கருவி, கேத்தில், சலவை இயந்திரம், கணினி, வீட்டிலுள்ளோர் ஒவ்வொருவருக்கும் ஒரு கைத்தொலைபேசி என்று கருவிகள் அடுத்தடுத்து வந்து சேர்ந்தன. குதைகளின் தொகை மட்டும் அவ்வாறே நின்றது.

இந்தக் குறையை நிரப்ப வந்ததுதான் 'எக்ஸ்ரென்சன் கோட்' எனப்படும் நீட்டு வடம். ஒரு மாலைப்பொழுதுக்கென விரித்த வடம் பத்து ஆண்டுகளாகியும் சுருட்டப்படாமற் கிடக்கும் வீடுகள் எத்தனையோ. கதவு நிலையின் கீழ் நசுங்கியும், பாயின் அடியில் மறைந்தும், அலுமாரிக் காலின்கீழ் அழுந்தியும் கிடக்கும் அவ்வடத்தின் உள்ளே என்ன நிகழ்கின்றது என்பதை இயற்பியல் படிக்கும் மாணவர் எவரும் கணித்துவிடலாம். கடத்தியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். ஓட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். தளர்ந்த இணைப்பொன்றின் தடை 0.2 ஓம் என்று கொள்வோர், அதனூடாக 10 அம்பியர் செல்லும்போது அவ்விடத்தில் 20 உவாற்று வெப்பம் பிறக்கும் என்று காண்பர். ஈயம் பற்றவைக்கும் சிறு கோலின் வலு ஏறத்தாழ இவ்வளவே. செருகியின் உள்ளே, கண்ணுக்குத் தெரியாமல், ஒரு பற்றுக்கோல் எரிந்துகொண்டிருக்கின்றது என்பதே இதன் பொருள். 2000 உவாற்றுக் கேத்திலும் 1000 உவாற்று அழுத்தியும் 700 உவாற்றுச் சோற்றுக்கலமும் ஒரே வடத்திற் சேர்ந்தால் 230 உவோற்றில் ஓட்டம் 16 அம்பியரைத் தாண்டும். வடத்தின் செருகியோ 13 அம்பியருக்கு உரியது.

குதையின் வடிவத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. வட்ட முனைச் செருகிகளுக்கான பிரித்தானிய நியமம் 1934 இல் வெளியாயிற்று. 2, 5, 15, 30 அம்பியர் என வெவ்வேறு பருமன்களில் அவை அமைந்தன. ஒன்றிற்குரிய செருகி மற்றொன்றிற் புகாது. இலங்கையின் பழைய வீடுகளிற் காணப்படும் 5 அம்பியர், 15 அம்பியர்க் குதைகள் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, போருக்குப் பிற்பட்ட வீடுகளின் மின்னிணைப்பு எவ்வாறு அமைய வேண்டும் என ஆராய்வதற்கு இங்கிலாந்தின் மின்பொறியியலாளர் நிறுவனம் குழுவொன்றைக் கூட்டிற்று. இருபதின்மர் கொண்ட அக்குழுவில் இடம்பெற்ற ஒரே பெண் கரோலின் ஹாஸ்லெற் ஆவர். வீட்டு வேலையின் சுமையை மின்சாரம் குறைக்கும் என்று நம்பி, 1924 இற் பெண்கள் மின்சாரச் சங்கத்தை நிறுவுவதில் முன்னின்றவர் அவர். சிறு குழந்தைகளின் விரலும் அவர்கள் கையிற் கிடைக்கும் ஊசியும் குதையின் உயிர்த்துளையிற் புகாதவாறு காப்பு அமைதல் வேண்டும் என்பது அவர் வற்புறுத்திய கருத்து. குழுவின் அறிக்கை 1944 இலும், அதன்வழிப் பிறந்த 13 அம்பியர்ச் சதுர முனைச் செருகியின் நியமம் 1947 இலும் வெளிவந்தன. புவிமுனை ஏனைய இரண்டினும் நீண்டது. அது முதலில் உள்ளே சென்று, உயிர்த்துளையையும் நொதுமல் துளையையும் மூடியிருக்கும் திரைகளைத் தள்ளித் திறக்கும். செருகியை எடுத்தவுடன் திரைகள் மீண்டும் மூடிக்கொள்ளும்.

இந்த ஏற்பாட்டை இன்றைய வீடுகள் எவ்வாறு நடத்துகின்றன என்பது வருந்தத்தக்கது. வெளிநாட்டிலிருந்து வரும் கருவிகளின் இரட்டை முனைச் செருகி 13 அம்பியர்க் குதையில் இயல்பாகப் புகாது. உடனே ஒரு தீக்குச்சியோ பேனா மூடியோ புவித்துளையில் நுழைக்கப்படுகின்றது. திரை திறக்கின்றது, செருகியும் எவ்வாறோ உள்ளே நெருக்கப்படுகின்றது. குழந்தையின் விரலை நினைந்து ஒருவர் வற்புறுத்தி அமைத்த திரையைக் குழந்தையின் கண்முன்னரே வீட்டுப் பெரியவர் திறந்து காட்டுகின்றார். பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை அதனைக் கற்றுக்கொள்ள இரண்டாம் பாடம் வேண்டியதில்லை. மேலும், பொருந்தா முனை துளையிலே தளர்ந்து நிற்பதால் மேற்கூறிய இணைப்பு வெப்பமும் அங்கே பிறக்கும். தகுந்த மாற்றியை வாங்குவது அல்லது செருகியையே மாற்றுவது சிறு செலவு. இலங்கையில் இப்போது 13 அம்பியர்ச் சதுர முனையே செருகிக்கும் குதைக்கும் உரிய நாட்டு நியமமாகக் கொள்ளப்பட்டுள்ளது. ஆதலாற் பழைய வீட்டிற் புதிதாக அமைக்கும் குதை எதுவாயினும் அது 13 அம்பியருக்கு உரியதாகவும், தனக்கென ஆளி உடையதாகவும் இருத்தல் வேண்டும்.

இனி, இடத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்கு வருமுன் அறியவேண்டியது ஒன்றுண்டு. குதை சுவரில் ஒரு புள்ளியாகத் தோன்றினும், அது நீண்ட கம்பியொன்றின் முனையேயாகும். அக்கம்பி தாங்காத சுமையை எந்த அழகான இடத்தில் வைத்த குதையும் தாங்காது. விளக்குச் சுற்றுக்கு இக்காலத்தில் இடப்படுவது 1/1.13 எனக் கடைகளிற் கேட்டு வாங்கப்படும் கம்பி, அஃதாவது 1.13 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரே இழை. அதன் குறுக்குவெட்டு 1 சதுர மில்லிமீற்றர். குதைச் சுற்றுக்கு இடப்படுவது 7/0.67, 0.67 மில்லிமீற்றர் இழைகள் ஏழு சேர்ந்து ஏறத்தாழ 2.5 சதுர மில்லிமீற்றர் ஆகின்றன. பழைய வீட்டிலே குதை கேட்டவுடன், அருகிலுள்ள விளக்கு ஆளியிலிருந்தே கம்பியை இறக்கி ஒரு 13 அம்பியர்க் குதையைப் பொருத்திவிடுதல் எளிது, மலிவு. வீட்டுக்காரருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அந்தச் சிறு கம்பியின் முனையிலே பெரிய வாயிலொன்று திறக்கப்பட்டுவிட்டது. நாளை அதிலே கேத்திலைச் செருகுபவருக்குச் சுவரின் பின்னால் உள்ளது 1 சதுர மில்லிமீற்றர் என்பது தெரியாது. 6 அம்பியர்ச் சுற்றுடைப்பான் இருந்தால் அது விழுந்து காக்கும். பீங்கான் உருகியிருந்து, அதிலே முன்பொருநாள் அவசரத்திற்குத் தடித்த செப்பிழை சுற்றப்பட்டிருந்தால், உருக வேண்டிய உருகி உருகாது. சுவருக்குள் இருக்கும் கம்பியே உருகும். மிகப் பழைய வீடுகளில் இறப்பர்க் காவலிட்ட கம்பிகள் இன்னும் எஞ்சியிருத்தல் கூடும். வயது முதிர்ந்த அந்த இறப்பர் தொட்டவுடன் பொடியாக உதிரும். அத்தகைய வீட்டிற் புதிய குதையைப் பற்றிப் பேசுவதே தவறு. கம்பிகளை முற்றாக மாற்றுவதைப் பற்றியே பேசல் வேண்டும்.

புதிய குதைகளுக்கு மின்பலகையிலிருந்தே தனிச் சுற்றொன்றைக் கொண்டுவருதல் சிறந்த முறை. அச்சுற்று ஆரையாகவும் செல்லலாம், வளையமாகவும் செல்லலாம். வளையச் சுற்று என்பது பலகையிற் புறப்பட்டுக் குதைகள் யாவற்றையும் தொட்டுக்கொண்டு மீண்டும் பலகைக்கே திரும்புவது. மின்னோட்டம் இரு வழியாலும் வருவதால், 2.5 சதுர மில்லிமீற்றர்க் கம்பி 32 அம்பியர்ச் சுற்றுடைப்பானின் காவலில் 100 சதுர மீற்றர்ப் பரப்பளவுள்ள தரைக்குச் சேவை செய்யும். போர்க்காலச் செப்புத் தட்டுப்பாடு இம்முறைக்கு ஊக்கமளித்தது என்பர். ஒரே 32 அம்பியர்க் காவலின்கீழ் மெல்லிய வடங்களும் செருகப்படும் ஆதலாலேயே சதுர முனைச் செருகியின் உள்ளே தனியுருகி ஒன்றும் வைக்கப்பட்டது. ஏற்கெனவே வளையம் இருக்கும் வீட்டில், அதிலுள்ள ஒரு குதையிலிருந்து கிளையொன்றை எடுத்துப் புதுக்குதை அமைக்கலாம். ஆனால் ஒரு கிளையின் முனையில் ஒற்றையோ இரட்டையோ ஒரே குதைதான். கிளையிலிருந்து மறுகிளை, அதிலிருந்து இன்னொன்று எனத் தொடுப்பது விதிக்கு முரணானது.

புவித்தொடுப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறல் வேண்டும். பழைய வீடுகளில் உயிர்களைக் காவுகொள்ளும் குறை அங்கேதான் உண்டு. இலங்கையிலே வீட்டின் புவித்தொடுப்பு வழங்குநரின் கம்பியோடு வருவதில்லை. வீட்டுக்காரர் தம் வளவிலே நாட்டிய செப்புக் கோலே அது. அக்கோலுக்கும் மண்ணுக்கும் இடையிலான தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். குளிர்சாதனப் பெட்டியின் உள்ளே உயிர்க்கம்பி கழன்று அதன் உலோக உடலைத் தொட்டுவிட்டது. 230 ஐ 20 ஆற் பிரித்தால் 11.5 அம்பியர். 32 அம்பியர்ச் சுற்றுடைப்பான் இதனைப் பிழையென்று அறியாது. 15 அம்பியர் உருகியும் அசையாது. சாதாரணக் கருவியொன்று இயங்குகின்றது என்றே அவை கருதும். பெட்டியின் உடலோ ஏறத்தாழ முழு மின்னழுத்தத்தோடும் நின்றுகொண்டிருக்கும். ஈரக்கையோடு கதவைத் திறப்பவருக்காக. யாழ்ப்பாணத்தின் மண் மாரியில் நனைந்திருக்கும்போது தடை ஓரளவு குறையும். நெடுங்கோடையில் உலர்ந்து வெடிக்கும்போது அது கூடும். மாரியிற் சோதித்துப் 'பரவாயில்லை' என்று சொன்ன கோல் ஆவணியில் அவ்வாறிராது.

இவ்விடத்திற்றான் 'றிப் சுவிச்' எனப்படும் மீதிமின்னோட்டச் சுற்றுடைப்பான் உதவுகின்றது. உயிர்க்கம்பியாற் சென்ற ஓட்டமும் நொதுமற் கம்பியால் திரும்பிய ஓட்டமும் சமமா என்று அது இடைவிடாது ஒப்புநோக்கும். 30 மில்லியம்பியர் வேறு வழியாற் கசிந்தாலே கணப்பொழுதில் இணைப்பை அறுத்துவிடும். 11.5 அம்பியர் அதற்கு மிகப் பெரிய குற்றம். எனவே புதிய குதைச் சுற்று எதுவும் இதன் காவலுக்கு வெளியே அமைதல் கூடாது. அடிக்கடி விழுந்து தொல்லை தருகின்றது என்று சொல்லி இதனை நீக்கி நேரே தொடுத்துவிட்ட வீடுகளும் இல்லாமலில்லை. விழுவது அதன் குறையன்று. வீட்டில் எங்கோ ஒரு கசிவு இருக்கின்றது என்பதற்குச் சான்று. எனினும் அதன் எல்லையையும் அறிந்திருத்தல் நன்று. ஒருவர் உயிர்க்கம்பியையும் நொதுமற் கம்பியையும் ஒருசேரப் பிடித்துவிட்டால், சென்றதும் திரும்பியதும் சமமாயிருக்கும்; அது வாளாவிருக்கும்.

பின்னணி இவ்வாறு சரிபார்க்கப்பட்டபின், எங்கே என்ற வினாவுக்கு விடை காண்பது எதிர்பார்ப்பதினும் எளிது. சுவரை நோக்கி நின்று எண்ணுதலினும் நிலத்தை நோக்குதல் பயன் தரும். வீட்டின் தரைப்படமொன்றை ஒற்றைத் தாளில் வரைந்து, ஒரு வாரகாலம் நீட்டு வடம் எங்கெங்கே கிடக்கின்றது, அதன் முனையில் என்ன கருவி இயங்குகின்றது, எந்த வாயிலைக் கடக்கின்றது என்பவற்றைக் குறித்துக்கொண்டாற் போதும். அவ்வீட்டார் தங்களுக்கு வேண்டிய இடங்களை அந்த வடத்தாலேயே பல ஆண்டுகளாகத் தரையில் எழுதிவைத்திருக்கின்றனர். வடம் முடியும் இடத்திற் குதை தொடங்குதல் வேண்டும். நிலையாக ஓரிடத்தில் நிற்கும் கருவி ஒவ்வொன்றுக்கும் ஒரு குதை, வந்துபோகும் கருவிகளுக்கென அறைதோறும் வேறொன்று என்று கணக்கிட்டால் அளவு பெரும்பாலும் சரியாயிருக்கும். ஒற்றைக் குதைக்கும் இரட்டைக் குதைக்கும் உடைக்கும் வேலை ஏறத்தாழ ஒன்றே. ஆதலால் இரட்டையையே வைத்தல் சிக்கனம்.

அடுக்களையில் இக்கணக்கு மிகக் கடுமையானது. தண்ணீர், நெருப்பு, வலு மிகுந்த கருவிகள் ஆகிய மூன்றும் சில அடி தூரத்துக்குள் அங்கே கூடுகின்றன. கழுவுதொட்டியின் விளிம்பிலிருந்து கிடையாகக் குறைந்தது 300 மில்லிமீற்றர், அஃதாவது ஓரடி, விலகியே குதை நிற்றல் வேண்டும். இயன்றால் இன்னும் தள்ளி வைக்கலாம். வேலைத்தட்டின் மேற்பரப்பிலிருந்து 150 மில்லிமீற்றர் உயர்ந்திருப்பின் சிந்திய நீர் எட்டாது, வடமும் மடங்காது. அடுப்புக்கு நேர்மேலே குதை வைப்பது கூடவே கூடாது; அதன்மேலாகக் கைநீட்டிச் செருகுபவரின் சேலைத் தலைப்பு நெருப்புக்கு மேலே நிற்கும். வாயு அடுப்போடு விறகடுப்பும் எரியும் வீடுகளிற் புகைக்கரி குதையின் உள்ளே படிந்து ஈரங்காக்கும். குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் அதற்குரிய குதையை மறைத்துவிடும் வழக்கமும் நன்றன்று. ஆபத்து வேளையிற் பெட்டியை இழுத்துத்தான் ஆளியை அணைக்க வேண்டுமெனின் அந்த ஆளி இருந்தும் பயனில்லை. பெட்டிக்குப் பக்கத்தில், கையெட்டும் உயரத்தில் அது அமைதல் வேண்டும்.

கிணற்றடியின் கதை வேறு. நீரிறைக்கும் 'மோட்ட'ருக்கு வீட்டுச் சன்னல் வழியாக வடத்தை நீட்டி, முனையைக் கிணற்றுக்கட்டின்மேல் வைத்துச் செருகும் காட்சி இன்றும் காணப்படுகின்றது. ஈர நிலம், வெறுங்கால், நனைந்த கை, உலோக உடல் கொண்ட இயந்திரம் ஆகியவை ஒருங்கு சேரும் இடம் வீட்டின் வளவில் இதனினும் வேறில்லை. இயந்திரத்துக்கு மின்பலகையிலிருந்து தனிச் சுற்று, நிலையான இணைப்பு, மழை புகாத மூடியுள்ள ஆளி ஆகியவை வேண்டும். குதைதான் வேண்டுமெனின் அதுவும் மூடியுடையதாய், கூரையின்கீழ், குளிக்கும் இடத்துக்கு அப்பால் இருத்தல் வேண்டும். குளியலறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே குதை வேண்டாம். பெரிய அறையின் ஒரு கோடியிற் குளிக்குமிடம் இருப்பின், பிரித்தானிய விதிகள் குளிக்கும் பகுதியின் எல்லைக்கு அப்பால் 2.5 மீற்றர் தூரத்தைக் கேட்கின்றன. 2022 இன் திருத்தத்துக்கு முன் அது 3 மீற்றராக இருந்தது. சாதாரண வீட்டுக் குளியலறையில் அத்தூரமே கிடையாது.

படுக்கையறையிற் கட்டிலின் தலைமாட்டுக்கு இருபுறமும் குதை அமைந்தால், கைத்தொலைபேசியைத் தலையணையின்கீழ் வைத்து மின்னேற்றும் பழக்கம் ஓரளவு குறையும். கட்டிலுக்கு நேர்பின்னால் வைத்தால் கட்டிற்சட்டம் செருகியை இடித்து முறிக்கும். மாணவரின் மேசைக்கு வலக்கையால் எழுதுவோராயின் ஒளி இடப்புறத்திலிருந்து வரவேண்டும். ஆதலின் விளக்குக்குரிய குதையும் மேசையின் இடப்புறத்தே, மேசைமட்டத்துக்குச் சற்று மேலே. சுவாமியறையில் எரியும் எண்ணெய் விளக்குக்கும் திரைச்சீலைக்கும் இடையே வண்ண விளக்குகளின் வடத்தை ஓடவிடும் வழக்கம் திருவிழாக் காலங்களில் மிகும். அங்கே படங்களுக்குப் பக்கவாட்டில், திரைக்கு வெளியே ஒரு குதை இருந்தால் அந்த வடத்துக்கு வேலையிராது.

உயரத்தைப் பற்றி வீட்டுக்கு வீடு வாதம் உண்டு. பழைய முறையில் ஆளிப்பலகையோடு சேர்ந்து 4 அடிக்கு மேல் நின்ற குதை, மழலைகளுக்கு எட்டாது என்ற நன்மையை உடையது. ஆனால் அதிலிருந்து தொங்கும் வடம் நடப்பவர் தோளிற் சிக்கும். சுடுநீர்க் கேத்திலோடு கீழே இழுபடும். பின்னர் வந்த நாகரிகம் குதையைத் தரையிலிருந்து ஓரடிக்குக் கீழே இறக்கிற்று. அழகாயிருந்தது, ஆனால் வாரந்தோறும் வாளி நீர் ஊற்றி நிலங்கழுவும் வீடுகளுக்கு அது ஒவ்வாது. முழங்கால் நோவுள்ள முதியவர் ஒவ்வொரு முறையும் குனிய வேண்டியும் இருந்தது. இங்கிலாந்திற் புதிய வீடுகளுக்கான கட்டட விதி 450 மில்லிமீற்றருக்கும் 1200 மில்லிமீற்றருக்கும் இடையே குதைகள் அமைதல் வேண்டுமென வகுத்துள்ளது. சக்கர நாற்காலியில் இருப்போரையும் குனிய இயலாதோரையும் கருதிய விதி அது. பழைய வீட்டை அது கட்டுப்படுத்தாவிடினும், அதன் கீழெல்லையான ஒன்றரை அடி இங்குள்ள வீட்டுக்கும் பொருத்தமானதே. குழந்தையின் கை எட்டுமே என்ற அச்சத்துக்குத் திரையுள்ள குதையே மறுமொழி. வெள்ளம் புகும் தாழ்நிலங்களில் மட்டும் கணக்கு மாறும். 2008 நவெம்பரில் 'நிஷா' புயலின் மழையாற் குடாநாட்டின் பல இடங்கள் நீரில் அமிழ்ந்தன. 2016 மே மாதத்திற் களனி ஆற்றுப் பெருக்கு கொழும்பின் புறநகர்களில் வீடுகளை மூடிற்று. அத்தகைய இடங்களில் முந்திய வெள்ளம் சுவரில் விட்டுச்சென்ற கறையே அளவுகோல். குதை அதற்கு மேலே நிற்றல் வேண்டும்.

சுவரை உடைக்கும் வேலைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. நிலைக்குத்தாக வெட்டும் பள்ளம் சுவரின் தடிப்பில் மூன்றிலொரு பங்கையும், கிடையாக வெட்டும் பள்ளம் ஆறிலொரு பங்கையும் மீறலாகாது என்பது திண்மச் சுவர்களுக்குப் பிரித்தானியாவிற் கொள்ளப்படும் அளவு. நாலரை அங்குலச் செங்கற் சுவரில் இவை முறையே ஒன்றரை அங்குலமும் முக்கால் அங்குலமும் ஆகும். கிடைவெட்டு சுவரை எவ்வளவு நலிவிக்கின்றது என்பது இதனாற் புலனாகும். மெல்லிய சுவரின் இருபக்கமும் ஒரே இடத்தில் முதுகுக்கு முதுகாகக் குதைப்பெட்டிகளைப் புதைத்தாற் சுவரே அங்கு இல்லாமற் போகும். உள்ளே வெறுமையான சீமெந்துக் கல்லில் உளி எதிர்பாராமல் ஆழ இறங்கும். முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டிய பழைய நாற்சார் வீடுகளின் தடித்த சுவர்களில் உளி வைத்தாலோ, ஒரு சாண் உடைக்க நினைத்த இடத்தில் ஒரு முழம் உதிரும். அவ்வீடுகளிற் சுவரைத் தொடாமல், அதன் மேற்பரப்பிலே பிளாத்திக்குப் பெட்டிக்குழாயைப் பொருத்திக் கம்பியை உள்ளே செலுத்துவதே தக்கது. பார்வைக்குக் குறையென்பார் உளர். நூறாண்டு நின்ற சுவருக்கு அது மரியாதை. பின்னர் மாற்ற வேண்டின் திருகாணியைக் கழற்றினாற் போதும் என்பது மேலும் ஒரு வசதி.

புதைத்துச் செல்லும் கம்பி குதையிலிருந்து நேர்மேலாகவோ நேர்கிடையாகவோதான் செல்லுதல் வேண்டும். குறுக்கே சாய்வாகச் சென்றால் இரண்டு முழக் கம்பி மிச்சமாகும். ஆனால் தை பிறந்ததும் புதுநாட்காட்டிக்கு ஆணி அடிப்பவர், கீழே குதை இருப்பதைக் கண்டு அதன் நேர்மேலே அடிக்காமல் விலகி அடிப்பார். சாய்வான கம்பி அவ்விலகிய இடத்திற்றான் ஒளிந்திருக்கும். குதையின் நேர்க்கோட்டிற்கு வெளியே, கூரைத்தளத்தை ஒட்டிய 150 மில்லிமீற்றர்ப் பட்டையும் இரு சுவர்கள் கூடும் மூலையை ஒட்டிய 150 மில்லிமீற்றர்ப் பட்டையுமே கம்பி செல்லத்தக்க ஏனைய இடங்கள். அங்கும் 50 மில்லிமீற்றருக்குக் குறைந்த ஆழத்திற் செல்லுமாயின் மேற்கூறிய 30 மில்லியம்பியர்க் காவல் இன்றியமையாதது.

பழைய வீட்டில் நிறங்களையும் நம்பிவிடலாகாது. முன்னைய கம்பிகளிற் சிவப்பு உயிர், கறுப்பு நொதுமல், பச்சை புவி. இப்போதைய கம்பிகளிற் கபிலம் உயிர், நீலம் நொதுமல், பச்சையும் மஞ்சளும் கலந்தது புவி. ஒரே பெட்டியில் இருதலைமுறை நிறங்களும் சந்திக்கும்போது, பழகிய கையும் தடுமாறும். உயிரும் நொதுமலும் இடம் மாறித் தொடுக்கப்பட்டாற் கருவி வழமைபோல் இயங்கும். ஆனால் ஆளியை அணைத்தபின்னும் அதனுள்ளே உயிர் நிற்கும். இவ்வேலை தகுதிபெற்ற மின்னிணைப்பாளருக்கு உரியது. வீட்டுக்காரருக்கு உரியவை இடத்தைச் சொல்லுதலும், முடிந்தபின் ஒவ்வொரு குதையிலும் முனைகளின் ஒழுங்கு, புவிக்கம்பியின் தொடர்ச்சி, புவிக்கோலின் தடை ஆகியவற்றை அளந்து காட்டுமாறு கேட்டலும் ஆகும். அளவுகருவி கொண்டுவராதவர் வேலையை முடித்தவராகார். மீதிமின்னோட்டச் சுற்றுடைப்பானின் சோதனைப் பொத்தானைச் சில மாதங்களுக்கு ஒருமுறை அழுத்திப் பார்ப்பதும் வீட்டுக்காரரின் வேலையே. அழுத்தியும் விழாதது காவலாகாது.

இன்னொன்று. கம்பிக்குழாய் பள்ளத்திற் படுத்திருக்கும்போதே, பூச்சு மூடுமுன், அளவுநாடாவைச் சுவரோடு பிடித்துக் கைத்தொலைபேசியில் ஒரு நிழற்படம் எடுத்துக்கொள்ளலாம். அதனை அச்சிட்டு மின்பலகையின் கதவுக்கு உட்புறத்தில் ஒட்டி, எந்தச் சுற்றுடைப்பான் எந்தக் குதைகளுக்கு உரியது என்பதையும் பக்கத்தில் எழுதி வைத்தால், பதினைந்து ஆண்டுகளுக்குப்பின் அதே சுவரில் துளையிட வருபவருக்கு அது பயன்படும்.